பிசிஏஏ தூள் தசையை வளர்க்குமா?

இந்த டப்பாவைப் பாருங்கள். பயிற்சியின் நடுவே தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பிசிஏஏ (BCAA, கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) தூள். இதை வாங்கலாமா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டிலேயே போதுமான புரதம் கிடைக்கிறவருக்கு இது வேண்டாம் என்பதுதான் என் பதில். இரண்டு வருடம் நான் இதை விடாமல் குடித்தேன். அந்தப் பணத்தை நல்ல சாப்பாட்டுக்குச் செலவழித்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்றும் இருக்கிறது.

உடல் புரதம் கட்ட, செங்கற்கள் போன்ற 20 அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றில் 9 உணவிலிருந்துதான் வரவேண்டும். இந்த டப்பாவில் இருப்பவையோ லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று மட்டும். லியூசின் சாதாரணமானதல்ல; தசைச் செல்லுக்குள் எம்டார் என்ற சமிக்ஞையைத் தூண்டி, புரதம் கட்டும் வேலையைத் தொடங்கிவைப்பது அதுதான். விளம்பரம் இதோடு நின்றுவிடுகிறது. மேஸ்திரி வந்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார், சரி, செங்கல் எங்கே? மீதி 6 அமிலங்கள் வெளியிலிருந்து வராவிட்டால், உடல் தன்னிடம் இருக்கும் புரதத்தைச் சிதைத்துத்தான் அவற்றை எடுக்கும். அந்தச் சேமிப்பில் பெரும்பங்கு தசையில்தான் இருக்கிறது. ஒரு சுவரை இடித்து இன்னொரு சுவர் எழுப்பினால் வீடு பெரிதாகுமா?

புரத வளர்சிதை மாற்றத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் வுல்ஃப், பிசிஏஏ தனியாகத் தசையை வளர்க்கும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று 2017இல் எழுதினார். அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடைப் பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பிசிஏஏ குடித்தபோது, தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியது. விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டது புரதமே இல்லாத பானத்தோடு! அதே அளவு பிசிஏஏ அடங்கிய வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் whey புரதம்) தரும் உயர்வில் இது ஏறக்குறைய பாதிதான். 25 கிராம் வே புரதத்தில் சுமார் 2.5 கிராம் லியூசின் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற 8 அமிலங்களோடு சேர்ந்து.

இதேபோல் தனியாக விற்கப்படும் இன்னோர் அமினோ அமிலமான குளூட்டமின்? குடலும் கல்லீரலும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆரோக்கியமானவருக்குத் தசை கூடியதாக நல்ல சான்று இல்லை. பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் வேறு கதை. தினமும் 4 முதல் 6 கிராம் வீதம் சில வாரங்கள் எடுத்தால் தசையில் அமிலத்தன்மை ஏறுவதைத் தணிக்கும் கார்னோசின் என்ற பொருள் கூடி, ஒன்று முதல் நான்கு நிமிடம் நீடிக்கும் கடும் முயற்சியில் சற்றே உதவும். தோல் குறுகுறுத்தால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். புரதத்தின் அளவை அதிலுள்ள நைட்ரஜனை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். சிலர் புரதத்தூளில் விலை குறைந்த, நைட்ரஜன் உள்ள கிளைசினையும் டாரினையும் கலந்து நைட்ரஜனை உயர்த்துகிறார்கள். டாரின் தசைப் புரதத்தின் பகுதியே அல்ல! லேபிளில் அது புரதமாகக் கணக்காகிறது, தசைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வியர்வை சிந்தி உழைக்கிற ஓர் இளைஞனை இதைவிட மோசமாக ஏமாற்ற முடியாது. அதனால் புரதத்தூள் வாங்கும்போது பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் டப்பாவைக் கீழே வையுங்கள்.

மூன்று நாள் நீங்கள் சாப்பிடுவதையெல்லாம் எழுதி, புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் கூட்டினாலும் சராசரியாகக் கூடுதல் தசை சேரவில்லை என்றது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 112 கிராம். அந்த எண்ணைத் தொட்டுவிட்டீர்கள் என்றால் இந்தத் தூளுக்கு உங்கள் உடலில் வேலை இல்லை. தொடவில்லை என்றால் முட்டை, பால், பருப்பு, மீன், இறைச்சி என்று உங்களுக்கு ஒத்துப்போவதைக் கூட்டுங்கள். அதுவும் உண்ண முடியாத நாளில்தான் தூளின் பக்கம் போக வேண்டும். அப்போதும் 9 அமிலங்களும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.