சுவர் எழும்பட்டும், சித்திரம் பிறகு

விழாத் தலைவர் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தல் முதல் நீர்மோர் வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் பல்லாங்குழி கொடுத்தீர்கள். மனம் நிறைந்துவிட்டது.

விளையாட்டும் மொழியும், விளையாட்டும் எண்ணும், விளையாட்டும் கையும் என்று மூன்றைப் பேச நினைத்து வந்தேன். முதலில் கையை எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். எழுத்துதான் சித்திரம் என்றால் சுவர் எது? பிள்ளையின் விரலும் மணிக்கட்டும்தான். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகிவர வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் கையில்தான் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணிக்கிறோம்.

என் பேத்திக்கு நாலு வயது. எல்.கே.ஜி.யில் தினமும் 1 முதல் 50 வரை எழுதிவரச் சொன்னார்கள். 2 மட்டும் திரும்பித் திரும்பி நிற்கும். அழுத்தி எழுதித் தாள் கிழியும், பிறகு அழுகை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்காக ஒரு லோடு மணல் இறக்கியிருந்தார்கள். அவ்வளவுதான், சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டாள். காலைப் புதைத்து மேலே தட்டித் தட்டிக் கோயில் கட்டுவாள். கொட்டாங்கச்சியில் இட்லி வார்ப்பாள். தெருப் பிள்ளைகளோடு கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். பொழுது சாய்ந்ததும் பாட்டியோடு பல்லாங்குழி. புளியங்கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவாள். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு இல்லையா? பாட்டி கவனிக்கும் முன்பே “பசு!” என்று அள்ளிவிடுவாள். மூன்றோடு ஒன்று சேர்ந்தால் நாலு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் மணலில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆட்காட்டி விரலால் பெரிசாக ஒரு 2! அதைத் தாண்டிப் போக மனசில்லாமல் அங்கேயே நின்றேன்.

எல்.கே.ஜி. என்கிறோமே, அந்த கே.ஜி. என்பதே கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம். 1837-இல் ஜெர்மனியில் அதைத் தொடங்கிவைத்த ஃபுரோபெல் பிள்ளைகள் கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டையும். பெயரை வைத்துக்கொண்டோம், தோட்டத்தை விட்டுவிட்டோம்.

மொழியையும் எண்ணையும் இன்னொரு நாள் பேசுகிறேன். இப்போது என் கோரிக்கை, போகிற ஊரிலெல்லாம் நான் வைப்பது: அங்கன்வாடிக்கு ஒரு மணல்மேடு வேண்டும். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. சுவர் எழுப்பும் இடம் அவைதான், சித்திரம் அப்புறம் வரும். பூனை அசுத்தம் செய்யும் என்கிறார்கள். சரி, சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடலாமே. வேப்பமர நிழலில் ஒரு லோடு மணல், பத்துக் கொட்டாங்கச்சி, ஒரு படி புளியங்கொட்டை. இதற்கு மேல் என்ன செலவு?

1975 அக்டோபர் 2 அன்றுதான் அங்கன்வாடித் திட்டம் நாட்டில் தொடங்கியது. கிராம சபையும் அதே தேதியில் கூடுகிறது. தலைவர் அம்மையார் அவர்களே, அன்று இதைத் தீர்மானமாக வையுங்கள். மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் மோர் குடிக்கப் போகும் வழியிலேயே போட்டுவிட்டுப் போகலாம்.