ஏட்டுச் சுரைக்காயும் இருபது பெண்களும்

அவைத்தலைவர் அவர்களே, மாண்புமிகு நகரமன்ற உறுப்பினர்களே, காவடி ஏற்பாடுகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோயில் சபைப் பெரியவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, ரோஸ் ஹில் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான்கு செய்தி சொல்ல வந்தேன்: ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கை பிறப்பது, அது நம் மொரிஷியஸ் நாட்டுச் சட்டமாவது, தனி ஒருவர் அதை வைத்து முறையிடுவது, அரசு ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுப்பது.

குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1966இல் ஏற்றது. 35 நாடுகள் சேர்ந்த பிறகு, 1976 மார்ச் 23இல்தான் நடைமுறைக்கு வந்தது. மொரிஷியஸ் 1973 டிசம்பரிலேயே சேர்ந்தது. தனிநபர் முறையீட்டுக்கு வழிவிடும் நெறிமுறையிலும் அன்றே சேர்ந்தது. ஆனால் அரசு சேர்ந்ததாலேயே அது நம் கோர்ட்டில் சட்டமாகிவிடாது; நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

அந்த ஏட்டையும் விடாமல் பிடித்தார்கள் இந்த மண்ணின் பெண்கள். 1977இல் குடிவரவு, நாடுகடத்தல் சட்டங்களைத் திருத்தினார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இங்கே குடியிருக்கும் உரிமை போயிற்று. அமைச்சரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். மறுத்தால் கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. வெளிநாட்டு மருமகளுக்கோ இந்தத் தொல்லை எதுவும் கிடையாது! இது என்ன நியாயம் என்று ஷிரின் ஓமிருதி-சிஃப்ராவும் 19 பெண்களும் 1978இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதினார்கள். 1981 ஏப்ரல் 9இல் குழு சொன்னது: மணமாகாத 17 பேருக்கு நேரடிப் பாதிப்பு இல்லை, வெளிநாட்டவரை மணந்த மூவருக்கு உரிமை மீறல் நடந்திருக்கிறது, சட்டத்தைத் திருத்துங்கள். அந்தக் குழுவிடம் போலீசும் இல்லை, சிறையும் இல்லை. ஆனாலும் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது, தாய்மார்களே!

அந்த 17 பேரைப் பற்றிக் குழு சொன்னதைக் கவனியுங்கள். ‘எங்கள் சமூகத்துக்கு அநீதி’ என்று பொதுவாக எழுதினால் அந்தக் குழுவிடம் மனு நிற்காது. யாருக்கு, எந்த நாளில், எந்த உத்தரவால் பாதிப்பு என்று எழுதி, உத்தரவின் நகலை இணைக்க வேண்டும். உள்நாட்டில் சுப்ரீம் கோர்ட், வழியிருந்தால் நம் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் என்று எல்லாப் படியும் ஏறியிருக்க வேண்டும். பல மனுக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அதற்குப் பின் ஐந்தாண்டுக்கு மேல் தாமதித்தால் தாமதமே மனுவைக் கெடுக்கும். பெயரில்லா மனு செல்லாது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். அந்த வசதி நமக்கு உண்டு. பதில் சொல்ல அரசுக்கு ஆறு மாதம்.

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் 1973இல் சேர்ந்தோம். வேலை, வீடு, மருத்துவம், கல்வி எல்லாம் அதில் இருக்கின்றன. அதை முழுமையாக நம் நாட்டுச் சட்டமாக்கச் சொல்லித்தான் இந்த இயக்கம். மறுபடியும் சொல்கிறேன், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

நான்காவது செய்தியான அறிக்கைகளைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம். நாடாளுமன்றத்துக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் தெளிவாக இருக்கட்டும். நகரமன்ற உறுப்பினர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.