டெண்டரில் அநியாயம் நடந்தால் யாரிடம் கேட்பது?

வணக்கம் நேயர்களே. நாம் நடக்கும் ரோடு, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, அரசு ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாமே பெரும்பாலும் டெண்டர் வழியாகத்தான் வருகின்றன. இதற்கென்று தமிழ்நாடு 1998-லேயே ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகமும் ராஜஸ்தானும் அதற்குப் பிறகுதான் வந்தன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் இடம் பலவீனமாகவே இருக்கிறது.

ஒரு தார்ச்சாலை டெண்டரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரரின் தார்க் கலவை ஆலை, வேலை நடக்கும் இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். நியாயம்தான், கலவை வழியிலேயே ஆறிவிட்டால் ரோடு நிற்காது. ஆனால் அந்தக் கிலோமீட்டரைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள், ஒரே ஒரு ஆலைக்காரர்தான் மிஞ்சுவார். காகிதத்தில் எல்லாம் முறைப்படியே நடந்திருக்கும்.

சரி, மற்றவர்கள் எங்கே முறையிடுவது? 11ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 10 நாள் தருகிறது. அதுவும் டெண்டர் போட்டவருக்கு, முடிவு வந்த பிறகு. நிபந்தனையாலேயே டெண்டர் போட முடியாமல் போனவருக்கு அதில் வழி இல்லை. மேல்முறையீட்டைக் கேட்பது யார்? அரசேதான். வாங்குவதும் அரசு, தீர்ப்புச் சொல்வதும் அரசு என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்? உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் முடிவெடுத்த விதம் சரியா என்றுதான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அது. சின்ன ஒப்பந்ததாரருக்கு வக்கீல் செலவும் கட்டுப்படியாகாது.

மத்திய அரசுக்கோ பொதுவான கொள்முதல் சட்டமே இல்லை, நிதி விதிகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குறைதீர்ப்புக் குழு அமைக்க வழிசெய்த மசோதா 2012-ல் மக்களவைக்கு வந்தது. 2014-ல் அவை கலைந்ததும் அதுவும் காலாவதியானது. எனக்கு இன்றும் அது ஆறாத வருத்தம்.

தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 11ஆம் பிரிவைத் திருத்தி, துறைக்கு வெளியே ஒரு குழுவை அமைக்கலாம். நிபந்தனை வெளியான அன்றே அதை எதிர்த்து முறையிடும் உரிமையைத் தரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய ஒப்பந்தங்களில், வென்றவர் யார் என்று தெரிவித்த பிறகு குறைந்தது 10 நாள் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த இடைவெளி இங்கேயும் வேண்டும். வேலை பாதி முடிந்த பிறகு வரும் தீர்ப்பால் யாருக்கும் பயன் இல்லை.