முருங்கை மரம் மண்ணுலருந்தா வந்துச்சு?

(மொட்டை மாடி, காலை வெயில். பெயிண்ட் பக்கெட்ல நிக்கிற முருங்கை.)

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டைலருந்து பேசறேன், நடுவுல கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, எங்க ஏரியா பேக்ரவுண்ட் மியூசிக்கே அதான். இந்த முருங்க எங்க ஆயா வெச்சது, ஒரு போத்த சொருகி வுட்டாங்க, இப்போ என்ன வுட ஒசரம், ஆனா பக்கெட்ல மண்ணு அப்டியேதான் கீது. அப்போ இவ்ளோ கட்டையும் எலையும் எங்கருந்து வந்துச்சு?

"தெனம் தண்ணி ஊத்தறது யாரு?"ன்றாங்க ஆயா. வான் ஹெல்மான்ட்டும் இதேதான் சொன்னாரு, பிரஸ்ஸல்ஸ்கார விஞ்ஞானி, 1600கள்ல. தொட்டில வில்லோ கன்னு வெச்சி 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்துனாரு, மரம் 164 பவுண்டு ஏறிடுச்சு, மண்ணு கொறஞ்சது ரெண்டு அவுன்சு, சோ மரம்னா தண்ணிதான்னு முடிச்சிட்டாரு. காத்த மறந்துட்டாரு மனுஷன்.

(அனிமேஷன்: எலை செல்லுக்குள்ள.)

இந்த பச்ச பச்சயா இருக்கறது குளோரோபிளாஸ்ட், ஸ்கூல் புக்ல பசுங்கணிகம். உள்ள பாத்திரக்கடை எவர்சில்வர் தட்டு மாதிரி அடுக்கி இருக்குல்ல, அது தைலக்காய்டு, குளோரோபில்ன்ற பச்சையம் அதுலதான் குந்தினு இருக்கு. வெயில்ல செவப்பயும் நீலத்தயும் நல்லா புடிச்சிக்கும், பச்சைல நெறைய திருப்பி வுட்டுடும், அதான் எலை பச்ச.

புடிச்ச வெயில வெச்சி தண்ணிய ஒடைக்கும். ஆமா, ஆயா ஊத்துன அதே மெட்ரோ வாட்டர். எலக்ட்ரானையும் ஹைட்ரஜனையும் வெச்சிக்கினு ஆக்ஸிஜன வெளிய தள்ளிடும். இங்கதான் நான் ப்ளஸ் டூ வரைக்கும் தப்பாவே நெனச்சினு இருந்தேன், மரம் கார்பன் டை ஆக்ஸைட இழுத்து அதையே ஆக்ஸிஜனா மாத்தி வுடுதுன்னு. இல்லவே இல்ல, நீங்க இப்போ இழுக்கற ஆக்ஸிஜன் தண்ணில இருந்தது. 1941ல ரூபன், கேமன்னு விஞ்ஞானிங்க டீம் கனமான ஆக்ஸிஜன் (அதே ஆக்ஸிஜன்தான், எடை மட்டும் கூட, அத வெச்சி அடையாளம் புடிக்கலாம்) போட்ட தண்ணிய பாசிக்கு குடுத்தாங்க, வெளிய வந்த கேஸ்லயும் அதே கனமான ஆக்ஸிஜன். மேட்டர் ஓவர்.

இந்த கேப்ல ஏடிபி, என்ஏடிபிஹெச்னு ரெண்டு ரெடி ஆவும், சார்ஜ் ஏத்துன பேட்டரி மாதிரி வெச்சிக்கோங்க.

அப்போ கார்பன் டை ஆக்ஸைடு? எலைல இருக்கற குட்டி ஓட்டைங்க வழியா வந்து, தட்டுக்கு வெளிய இருக்கற ஸ்ட்ரோமால ருபிஸ்கோ கிட்ட மாட்டும். இது ஒரு என்சைம், அதாவது செல்லுக்குள்ள வேல பாக்கற புரோட்டீன், செம்ம சோம்பேறி, செகண்டுக்கு ஏதோ மூணு நாலுதான் புடிக்கும், அதுலயும் அப்பப்போ ஆள் மாறி ஆக்ஸிஜன புடிச்சினு வந்துரும். செடி இன்னா பண்ணும், வேல ஸ்லோன்னு ஆள கொட்டி வெச்சிருக்கு, எலை புரோட்டீன்ல பெரிய பங்கு இதான். 3 கார்பன் டை ஆக்ஸைடுக்கு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஹெச் காலி, கைக்கு வர்றது மூணு கார்பன் இருக்கற சின்ன சர்க்கரை ஒன்னே ஒன்னு. இந்த ரூட்ட கண்டுபுடிச்சதுக்குதான் மெல்வின் கால்வினுக்கு 1961ல நோபல்.

அத ஒட்டி ஒட்டித்தான் ஸ்டார்ச்சு, செல்லுலோஸ், கட்டை, எலை, சாம்பார்ல போடற காய் எல்லாம். காஞ்ச கட்டை எடைல கிட்டத்தட்ட பாதி கார்பன், அது பூரா காத்துலருந்து வந்தது, தோ கீழ போற லாரி வுட்டதும் அதுல கொஞ்சம் இருக்கும்.

இத அப்டியே ஆயாகிட்ட சொன்னேன். "சரி, ஒரு வாரம் தண்ணி ஊத்தாம காத்த மட்டும் காட்டு, பாப்போம்"ன்றாங்க.