அப்பாவின் அழைப்புக்குறியில் நான் பேசலாமா?

திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என் தந்தை நாற்பது ஆண்டுகளாக ஹாம் வானொலி உரிமம் வைத்திருக்கிறார். இப்போது கை நடுங்குவதால் மோர்ஸ் விசையை அழுத்த முடியவில்லை. அவருடைய கருவியில், அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லி நான் பேசலாமா?"

பேசக் கூடாது, ஐயா. பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேச அரசு தரும் ஹாம் உரிமம் ஆளுக்கு உரியதே தவிர, கருவிக்கோ குடும்பத்துக்கோ உரியது அன்று. ஆனால் 12 வயது நிரம்பிய எவரும் மத்திய அரசின் தேர்வை எழுதித் வானலையில் தம்மை அடையாளம் காட்டும் அழைப்புக்குறி ஒன்றைத் தமக்கெனப் பெறலாம். புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறையில் தேர்வு இல்லாத பிரிவும் உண்டு. கற்றுத்தர உங்கள் வீட்டிலேயே ஓர் ஆசான் இருக்கும்போது நீங்கள் தயங்கவே வேண்டியதில்லை.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். என் தந்தையும் ஹாம்தான். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர் என்பதால், அதில் பாதியாகிய 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, மாடிக்கும் தென்னைக்கும் இடையே ஆன்டெனாவாக அவர் கட்டியபோது அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். பகலில் பக்கத்து மாவட்டத்து நண்பர்கள் பேசிய அதே கம்பியில் இரவானதும் வெளிநாட்டுக் குரல்கள் வந்து விழும். வானின் மேலடுக்குகளில் தாழ்வாக உள்ள ஒன்று பகலில் இந்த அலைகளை உறிஞ்சிவிடுகிறது என்றும், பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடுவதால் அலைகள் மேலேயுள்ள அடுக்கில் பட்டுத் தொலைவில் இறங்குகின்றன என்றும் அவர் சொன்னது, பள்ளிப் பாடத்துக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. தொடர்புப் பதிவேட்டை எழுதியவர் என் தாய்; நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியை மனக்கணக்காகவே கழித்து உலகப் பொது நேரத்தைக் குறித்துவிடுவார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, ஹாம் வானொலித் தொடர்புக்காக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசிகள் அடங்கிப்போன அந்த நாள்களில், தீவில் இருந்தவர்களின் நலச் செய்திகளை அவர்கள் வானொலி வழியே கரைசேர்த்தார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் வானொலியை அணைக்கவே இல்லை. அப்பா ஒலிவாங்கியைத் தொடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அலைவரிசையை மற்றவர்களுக்காக விட்டு வைப்பதும் ஹாமின் கடமை என்பதை அன்றுதான் கண்டேன்.

உங்கள் தந்தையின் கை நடுக்கத்துக்கும் வழி இருக்கிறது. மேலும் கீழுமாக அழுத்தும் பழைய விசைக்குப் பதிலாக, பக்கவாட்டில் விரலால் தொடும் 'பேடில்' ஒன்றை மின்னணுக் கீயருடன் இணைத்துக் கொடுங்கள். புள்ளியின் அளவையும் கோட்டின் அளவையும் கீயரே சீராக அமைத்துவிடும். மெல்லிய தொடுதலே போதும். வேகத்தைக் குறைத்து வைத்து அவரையே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் உரிமம் வரும்வரை அருகில் அமர்ந்து பதிவேட்டை நீங்கள் எழுதுங்கள்.