நேர்ந்துகொண்ட உபவாசம் பாதியிலேயே முறிந்துவிட்டால் சாபம் வருமா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, வாசிக்கிறேன். "பாஸ்டர், என் மகனுக்கு வேலை கிடைக்கணும்னு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் 40-லயும் காலையும் மதியமும் சாப்பிடாம உபவாசம் இருக்கிறதா ஆண்டவர்கிட்ட நேர்ந்துக்கிட்டு பொருத்தனை பண்ணினேன். எனக்குச் சர்க்கரை உண்டு. நாலாவது வாரம் மயங்கி விழுந்துட்டேன். டாக்டர் உபவாசத்தை நிறுத்தச் சொல்லிட்டார். பொருத்தனையை உடைச்சதால சாபம் வருமா? இனி என் ஜெபம் கேட்கப்படுமா?"

சகோதரி, முதல்ல டாக்டர் சொன்னபடி செய்யுங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு பட்டினி கிடந்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கிடும், மயக்கம் வரும். அது சத்துருவின் போராட்டமும் இல்ல, உங்க விசுவாசக் குறைவும் இல்ல.

இப்ப சாபத்துக்கு வருவோம். பொருத்தனையை வேதம் லேசா எடுத்துக்கலைங்கிறது உண்மைதான். உபாகமம் 23:21 அதைச் செலுத்தத் தாமதம் பண்ணாதேன்னு சொல்லுது. ஆனா இந்த வசனத்தைக் காட்டிப் பயமுறுத்துறவங்க லேவியராகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறக்கிறதே இல்ல. யோசிக்காம ஆணையிட்டு, பிறகு குற்றத்தை உணர்ந்தவன் என்ன பண்ணணும்னு 4-ஆம் வசனத்துல இருந்து இருக்கு. அறிக்கை செய்யணும், ஆட்டையோ வெள்ளாட்டையோ பலியா கொண்டுவரணும். அதுக்கு வசதியில்லையா, ரெண்டு காட்டுப்புறா. அதுக்கும் வழியில்லையா, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. நம்ம அளவுல சுமார் ரெண்டு லிட்டர் மாவு, அவ்வளவுதான். மோசே மூலமா கொடுத்த நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே இப்படி இறங்கி வந்த தேவன், தம்முடைய குமாரனையே பலியாகக் கொடுத்த பிறகு உங்க மயக்கத்துக்குச் சாபம் போடுவாரா? கலாத்தியர் 3:13 வாசிங்க. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்கு நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்.

அடுத்தது, உங்க ஜெபம் கேட்கப்படுமான்னு கேட்டீங்க. இதுலதான் விஷயமே இருக்கு. 40 நாளும் முடிச்சிருந்தா வேலை நிச்சயம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்திருக்கு, அதனாலதான் இப்ப பயம் வருது. ரோமர் 4:4 என்ன சொல்லுது? "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." நம்ம உபவாசத்தால தேவன் நமக்குக் கடன்பட்டுப் போக மாட்டார்.

2 சாமுவேல் 12 பாருங்க. தாவீது ராஜா வியாதியா கிடந்த தன் பிள்ளைக்காக உபவாசம் பண்ணி, ராத்திரியெல்லாம் தரையில கிடந்தான். நடுவுல முறிக்கவே இல்ல. ஏழாம் நாள் பிள்ளை செத்துப்போச்சு. அதே அதிகாரத்துல தாவீதுக்கு அடுத்த மகனா சாலொமோன் பிறக்கிறான். அவனுக்காக யாரும் உபவாசம் இருந்ததா எழுதப்படல, ஆனா கர்த்தர் அவன்மேல் அன்பாயிருந்தார்னு எழுதியிருக்கு. உபவாசத்தை முடிச்சா கிடைக்கும், முறிச்சா போயிடும்ங்கிற கணக்குல இந்த அதிகாரத்தை அடக்கவே முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் கடினமா இருக்கும். 40 நாளையும் நல்லபடியா முடிச்சிருந்தா ஆபத்து இன்னும் பெருசா இருந்திருக்கலாம். லூக்கா 18-ல இயேசு சொன்ன கதையில வர்ற பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பா கைக்கொள்ற கூட்டத்தைச் சேர்ந்தவன், உபவாசத்துல தோத்தவன் இல்ல. நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கினது வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள். இவன் வாரத்துக்கு ரெண்டு நாள் இருந்தான், சம்பாதிச்சது எல்லாத்துலயும் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், கொடுத்தான். எல்லாத்தையும் முடிச்சும் நீதிமானாக்கப்படாம வீட்டுக்குப் போனான். மார்பில் அடிச்சுக்கிட்டு "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்"னு கேட்ட ஆயக்காரனிடம், அதாவது வரி வசூலிக்கிறவனிடம், காட்ட ஒண்ணுமே இல்ல. நீதிமானாகத் திரும்பிப் போனவன் அவன்தான்.

அப்படின்னா உபவாசமே வேண்டாமான்னு உடனே கமெண்ட் போடாதீங்க! எபேசியர் 2-ல கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்னு 8-ஆம் வசனம் சொல்லுது, நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம்னு 10-ஆம் வசனம் சொல்லுது. முதல்ல கிருபை, அப்புறம்தான் நற்கிரியை. இந்த வரிசையை மாத்தினாத்தான் தொல்லை.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. நடந்ததை ஆண்டவர்கிட்ட ஒரு தடவை அப்படியே சொல்லுங்க. தினமும் அதையே சொல்லி அழ வேண்டாம். விட்டுப்போன நாட்களை ஈஸ்டருக்கு அப்புறம் ஈடுகட்ட வேண்டாம். உபவாசம் முறிஞ்சதுக்கு அபராதம் மாதிரி காணிக்கை போட வேண்டாம், யாராவது கேட்டாலும் கொடுக்காதீங்க. காலையில இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு, அதே நேரத்துல உட்கார்ந்து மகனுக்காக ஜெபம் பண்ணுங்க. அந்த ஜெபத்துல "நான் இத்தனை நாள் பட்டினி கிடந்தேனே ஆண்டவரே"ங்கிற வரியை எடுத்துடுங்க. கடைசியில "இயேசுவின் நாமத்தில்"னு முடிக்கிறோம், ஆரம்பத்துல மட்டும் எதுக்கு நம்ம கணக்கு?

அடுத்த வருஷம் லெந்துல ஆசையா இருந்தா, டாக்டர்கிட்ட கேட்டுட்டு டிவியையோ போனையோ ஒரு நேரம் விட்டு ஜெபத்துல உட்காருங்க. ஆனா பொருத்தனையா நேர்ந்துக்காதீங்க. பொருத்தனை பண்ணாம இருந்தா உன்மேல் பாவம் இல்லைன்னு உபாகமம் 23:22-லயே இருக்கு. சரி, அடுத்த கேள்வி ஞானஸ்நானத்தைப் பத்தி.