புதுப் பல் வரவில்லையா? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பால் பல் விழுந்து மாதங்கள் ஓடியும் அந்த இடம் பொக்கையாகவே இருந்தால் எந்தத் தாய்க்கும் கவலை வரும். பொதுவாகக் கீழ் நடுப்பற்கள் 6 முதல் 7 வயதிலும், மேல் நடுப்பற்கள் 7 முதல் 8 வயதிலும், மேல் கோரைப்பற்கள் 11 முதல் 12 வயதிலும் முளைக்கும். ஓராண்டு முன்பின் ஆவது சகஜம். அதனால் வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எதிர்ப்பக்கப் பல்லைப் பாருங்கள்.

ஒரு பக்கம் முளைத்து 6 மாதமாகியும் அதன் ஜோடி வரவில்லையா? மேல் நடுப்பல் வராமலே பக்கத்துப் பல் முந்திவிட்டதா? இனிக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தாமதமானால் பெரும்பாலும் அது குடும்ப வாகு. கூடவே உயரமும் கூடவில்லை, பிள்ளை சோர்ந்தே இருக்கிறது என்றால் தைராய்டு பரிசோதனை தேவை.

மேல் முன்பல் தடைபட அடிக்கடி காரணமாவது, நடுவில் ஒளிந்திருக்கும் கூம்பு வடிவக் கூடுதல் பல். இன்னொன்று பழைய அடி. இரண்டு மூன்று வயதில் விழுந்து பால் பல் ஈறுக்குள் குத்தியிருந்தால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல் வளைந்துபோகலாம். சொத்தையால் பால் பல்லை வெகு சீக்கிரம் பிடுங்கியிருந்தாலும் ஈறு தடித்து மூடிக்கொள்ளும். அந்த ஈறை நெல்முனையால் கீறிவிடுவது சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், சீழ் பிடிக்கும், எலும்புக்குள் இருக்கும் தடையும் அதனால் நீங்காது.

கூடுதல் பல்லை எடுத்து, போதிய இடமும் இருந்தால், வேர் முழுதும் வளராத பல் பெரும்பாலும் தானாகவே இறங்கும். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கலாம். இறங்காவிட்டால் ஈறைத் திறந்து, பல்லில் பிராக்கெட் எனும் சிறு பிடியை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வருவார்கள். எக்ஸ்ரேயில் அடியில் பல்லே இல்லை என்று தெரிவதும் உண்டு. அப்போது மேலே இருக்கும் பால் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது.

கோரைப்பல்லைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பிள்ளைக்கு 10 வயதாகும்போது, கையைக் கழுவிக்கொண்டு, உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, 11 வயதிலும் இரு பக்கமும் இல்லாவிட்டாலோ பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். அப்படித் திரும்பிய பல், வலியே தெரியாமல் பக்கத்துப் பல்லின் வேரைக் கரைத்துவிடக் கூடும். இந்த வயதில் கண்டுபிடித்தால் பல நேரம் பால் கோரைப்பல்லை எடுப்பதே போதும். 1988-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில் இப்படிச் செய்த 46 பற்களில் 36 சரியான பாதைக்குத் திரும்பின. 13 வயதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு குறைந்து, அறுவை சிகிச்சையும் நீண்ட காலக் கம்பி சிகிச்சையும் தேவைப்படலாம்.